கிளாசிக் அமெரிக்க சொகுசு காரை நன்கொடையாகக் கொடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பழைய காரை நன்கொடையாகக் கொடுப்பது ரொம்பச் சுலபம். தொண்டு நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும், சில நாட்களில் டோ டிரக் வீட்டு வாசலுக்கே வந்து காரை ஏற்றிக்கொண்டு போய்விடும். பதினைந்து வருடம் ஓடித் தேய்ந்த டொயோட்டா கேம்ரிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் கராஜில் நிற்பது 1959 காடிலாக் என்றாலோ, 1961 லிங்கன் கான்டினென்டல் என்றாலோ, அந்தச் சுலபத்தில்தான் பெரிய நஷ்டம் இருக்கிறது. டோ டிரக் இரண்டு காரையும் ஒரே ஏல மைதானத்தில்தான் இறக்கும். அங்கே ஏலம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய கார் வியாபாரிகளும் உதிரிபாகக் கடைக்காரர்களும்தான். காடிலாக்கின் அருமை தெரிந்தவர் அன்றைக்கு அங்கே இல்லையென்றால், அது அடிமாட்டு விலைக்குப் போய்விடும். தொண்டுக்கும் பணம் குறையும், உங்கள் வரிக் கழிவும் குறையும்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். கிளாசிக் கார் விஷயத்தில் அது அப்படியே பொருந்தும். யாரிடம் கொடுக்கிறோம், வாங்கியவர் அந்தக் காரை என்ன செய்யப்போகிறார் என்ற இரண்டும்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியவைதான். அமெரிக்காவில் வரி கட்டுபவர்களுக்காக எழுதியிருக்கிறேன். மாமனார் விட்டுப்போன கார், ஆசைப்பட்டு வாங்கிப் புதுப்பித்த கார், வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்கு மாறும்போது இடமில்லாமல் போன கார் என்று எதுவாக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

முதல் படி: கையில் இருப்பது என்ன கார்?

காடிலாக், லிங்கன், பேக்கார்டு, கிரைஸ்லரின் இம்பீரியல் என்று பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த வருடம், எந்த மாடல், எந்த உடலமைப்பு என்பது வரை தெரிய வேண்டும். ஒரே வருடத்து ஒரே பெயர் கொண்ட காரில் நான்கு கதவு செடானுக்கும் கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிளுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும்.

பழசு என்பதால் மட்டும் அரிது ஆகிவிடாது. காடிலாக்கின் 1976 எல்டராடோ கன்வெர்ட்டிபிள் நல்ல உதாரணம். அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள் இதுதான் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்ததால், பின்னால் பெரிய விலை வரும் என்று பலர் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். அந்த வருடம் மட்டும் சுமார் 14,000 கார்கள் வந்தன. 1984-இல் காடிலாக்கே மறுபடியும் கன்வெர்ட்டிபிள் எல்டராடோவைக் கொண்டுவந்துவிட்டது. இன்றும் அது விரும்பி வாங்கப்படும் கார்தான், ஆனால் அருங்காட்சியகம் ஓடிவந்து வாங்கிக்கொள்ளும் கார் அல்ல. எழுபதுகளின் மார்க் ஃபோர், மார்க் ஃபைவ் லிங்கன்களும் அப்படித்தான். மறுபக்கம், கிளாசிக் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா 1915 முதல் 1948 வரை வந்த கார்களில் தேர்ந்தெடுத்த உயர்ரக மாடல்களை மட்டும் முழு கிளாசிக் என்று அங்கீகரிக்கிறது. உங்கள் பேக்கார்டு அந்தப் பட்டியலில் இருந்தால், பேச்சு வேறு மட்டத்துக்குப் போய்விடும்.

அப்புறம் எண்களைப் பாருங்கள். விஐஎன் என்ற பதினேழு இலக்கக் கார் அடையாள எண் 1981 மாடலில் இருந்துதான் எல்லாருக்கும் பொதுவானது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. ஐம்பதுகளின் காடிலாக்குகளில் என்ஜினில் பொறித்த எண்ணே காரின் எண்ணாக டைட்டிலில், அதாவது காரின் உரிமைச் சான்றில், ஏறியிருக்கும். நடுவில் யாராவது என்ஜினை மாற்றியிருந்தால், டைட்டிலில் ஒரு எண்ணும் காரில் வேறொரு எண்ணும் இருக்கும். இது தெரியாமல் நன்கொடை நாள் வரை போனால், வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். முதலிலேயே டைட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காரின் நிலையையும் நேர்மையாக எடைபோட வேண்டும். கிளாசிக் கார் இன்சூரன்ஸ் கம்பெனியான ஹேகர்டியின் விலைக் கருவி கார்களை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிக்கிறது. ஒன்று என்பது போட்டி மேடைக்குப் போகும் கார், நான்கு என்பது ஓடும், ஆனால் குறைகள் கண்ணுக்குத் தெரியும். நாம் பாசத்தோடு வைத்திருந்த காரை இரண்டாம் தரம் என்று நினைப்போம், பெரும்பாலும் அது மூன்றாம் தரமாகத்தான் இருக்கும்.

கொடுப்பதற்கு முன் காருக்குப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டாம். மங்கியிருந்தாலும் தொழிற்சாலையில் அடித்த அசல் பெயின்ட்டுக்கு அருங்காட்சியகங்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் தனி மதிப்பு உண்டு. நல்ல பேட்டரி, புதுப் பெட்ரோல், பிடிக்கிற பிரேக் என்ற மூன்றும் இருந்து, கார் தானாக ஸ்டார்ட் ஆகி நகர்ந்தால் அதுவே விலையை நன்றாக ஏற்றிவிடும்.

இரண்டாம் படி: வரிக் கழிவு உங்களுக்குக் கிடைக்குமா?

இதைப் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். முதலிலேயே பார்ப்பது நல்லது. காரைக் கொடுத்ததற்கான கழிவு, ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு, அதாவது ஷெட்யூல் ஏ-யில் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுபவர்களுக்கு மட்டும்தான். அப்படித் தனித்தனியாகக் காட்டாமலே எல்லாரும் எடுக்கக்கூடிய நிலையான கழிவு, 2026-ஆம் வருடத்துக்குத் தனிநபருக்கு 16,100 டாலர், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 32,200 டாலர். வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து இதைத் தாண்டவில்லை என்றால், கார் நன்கொடையால் கூட்டாட்சி வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது.

2026 முதல் ஐட்டமைஸ் செய்யாதவர்களும் தனிநபர் என்றால் 1,000 டாலர், தம்பதி என்றால் 2,000 டாலர் வரை நன்கொடைக் கழிவு பெறலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. ஆனால் அது பணமாகக் கொடுத்ததற்கு மட்டும், காருக்குப் பொருந்தாது. அதே சட்டத்தில் ஐட்டமைஸ் செய்பவர்களுக்கும் ஒரு வெட்டு இருக்கிறது: சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தில் அரை சதவீதத்தைத் தாண்டிய நன்கொடைதான் கணக்கில் வரும். வருமானம் 1,50,000 டாலர் என்றால் முதல் 750 டாலர் போய்விடும்.

கழிவு கிடைக்காது என்று தெரிந்த பிறகும் கொடுக்க மனம் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அப்போது வேலையும் குறைவு, மதிப்பீட்டாளரும் தேவையில்லை, உங்கள் கவலையெல்லாம் கார் நல்ல இடத்துக்குப் போகிறதா என்பது மட்டும்தான்.

மூன்றாம் படி: எந்த வழியில் கொடுப்பது?

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள்.

2004-இல் வந்த அமெரிக்கன் ஜாப்ஸ் கிரியேஷன் ஆக்ட் கார் நன்கொடையின் கணக்கையே மாற்றியது. அதற்கு முன் விலைப் புத்தகத்தில் இருக்கும் தொகையைப் பார்த்து எழுதிக்கொள்வது வழக்கம், ஓடாத காருக்கும் ஆயிரக்கணக்கில் கழிவு கேட்டார்கள். 2005 ஜனவரி முதல், 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், தொண்டு நிறுவனம் காரை எவ்வளவுக்கு விற்றதோ அந்தத் தொகைதான் உச்சம். 500 டாலருக்கோ அதற்குக் குறைவாகவோ விற்றுப்போனால், 500 டாலர் அல்லது உண்மையான சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதை எழுதலாம்.

இதற்கு மூன்று விதிவிலக்குகள் இருக்கின்றன. நிறுவனம் காரை விற்காமல் தன் பணிக்கே கணிசமாகப் பயன்படுத்துவது ஒன்று. வறியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வருடத்தில் 10,000 மைல் ஓட்டுவதை அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் உதாரணமாகச் சொல்கிறது. காரைப் பெரிய அளவில் பழுதுபார்த்து மதிப்பைக் கூட்டிய பிறகு விற்பது இரண்டாவது. பெயின்ட் அடிப்பது, டென்ட் எடுப்பது, சீட்டைச் சுத்தம் செய்வது இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பழுதுபார்க்க நீங்களே தனியாகப் பணம் கொடுத்தாலும் செல்லாது. மூன்றாவது, ஏழைக் குடும்பத்துக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுப்பது. ஐந்தே முக்கால் மீட்டர் நீளமும் தாகம் அடங்காத வி8 என்ஜினும் கொண்ட 1959 காடிலாக்கை வைத்துக்கொண்டு ஒரு ஏழைக் குடும்பம் வேலைக்குப் போய்வர முடியாது என்பதால், கிளாசிக் காருக்கு இந்த மூன்றாவது விதி நடைமுறையில் உதவாது.

கிளாசிக் கார்க்காரர்களைக் கடிக்கும் இன்னொரு விதி உண்டு, பொதுவான கார் நன்கொடை விளம்பரங்களில் இதைப் பார்க்கவே முடியாது. சாதாரண கார் வாங்கிய விலையைவிடக் குறைவாகத்தான் போகும். கிளாசிக் கார் விலை ஏறியிருக்கலாம். அப்படி ஏறிய காரை, நிறுவனம் தன் பணிக்குச் சம்பந்தமாகப் பயன்படுத்தாமல் விற்றுவிட்டால், உங்கள் கழிவு உங்களுடைய அடக்க விலையையும் தாண்ட முடியாது. அடக்க விலை என்பது வாங்கிய விலையும், காரைப் புதுப்பிக்கச் செய்த பெரிய செலவுகளும் சேர்ந்தது. ஆயில் மாற்றிய செலவு சேராது, என்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டிய செலவு சேரும். பழைய பில்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்கு இங்கேதான் பலன்.

வாரிசாக வந்த கார் என்றால் நிலைமை நல்லது. அப்பா 1970-இல் எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்பது பொருட்டே இல்லை, அவர் இறந்த அன்று கார் சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்குமோ அதுவே உங்கள் அடக்க விலை. சொத்துக் கணக்கு முடிக்கும்போதே காருக்கு ஒரு மதிப்பீடு வாங்கி வைத்துவிடுங்கள்.

சரி, எண்களோடு பார்ப்போம். 1965 காடிலாக் டிவில் கன்வெர்ட்டிபிள் ஒன்றைப் பல வருடம் முன்பு 12,000 டாலருக்கு வாங்கினீர்கள், இன்றைய சந்தை மதிப்பு 30,000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏற்கெனவே ஐட்டமைஸ் செய்பவர், 22 சதவீத வரி அடுக்கில் இருக்கிறீர்கள். மேலே சொன்ன அரை சதவீத வெட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

டோ டிரக் வழியில் போனால் கார் பொது ஏலத்தில் 18,000 டாலருக்குப் போகிறது. உங்கள் கழிவு 18,000 அல்ல, அடக்க விலையான 12,000. வரியில் மிச்சம் 2,640 டாலர். தொண்டுக்கும் முழு 18,000 போகாது, டோ கட்டணம், ஏலக் கட்டணம், நடுவில் இருக்கும் கம்பெனியின் பங்கு எல்லாம் கழிந்துதான் போகும்.

நீங்களே விற்றுப் பணத்தைக் கொடுத்தால்? பொறுமையாக விளம்பரம் செய்து 28,000 டாலருக்கு விற்கிறீர்கள். 16,000 டாலர் ஆதாயம். நீண்டகால மூலதன ஆதாய வரி 15 சதவீதம் என்றால் 2,400 டாலர். 28,000 டாலரையும் தொண்டுக்குக் கொடுத்தால் கழிவால் மிச்சமாவது 6,160. கூட்டிக் கழித்தால் உங்கள் கையில் 3,760 டாலர். சேகரிப்புப் பொருள் என்ற வகையில் காரைச் சேர்த்து ஆதாய வரி 22 சதவீதமாகவே ஆனாலும், முதல் வழியில் வந்த அதே 2,640 டாலர் மிச்சம் உங்களுக்கு வந்துவிடும். தொண்டுக்கோ எப்படியும் பத்தாயிரம் டாலருக்கு மேல் கூடுதல். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, ஓரளவு விலைபோகும் கிளாசிக் காரைப் பொது ஏலத்துக்கு அனுப்ப எனக்கு மனசே வராது. விற்பதற்கு ஹெமிங்ஸ், பிரிங் எ டிரெய்லர் போன்ற கிளாசிக் கார் விற்பனைத் தளங்களும், காடிலாக் அண்ட் லசால் கிளப், லிங்கன் அண்ட் கான்டினென்டல் ஓனர்ஸ் கிளப் போன்ற அமைப்புகளின் உறுப்பினர் வட்டமும் இருக்கின்றன. கிளப்காரர்கள் விலையை நேர்மையாகச் சொல்வார்கள், உங்கள் காரை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஆளும் அங்கேதான் கிடைப்பார்.

மூன்றாவது வழி, காரைக் காராகவே வைத்துக்கொள்ளும் இடத்துக்குக் கொடுப்பது. மிச்சிகனின் ஹிக்கரி கார்னர்ஸில் இருக்கும் கில்மோர் கார் மியூசியம் வளாகத்தில் காடிலாக்குக்கு ஒரு கட்டிடம், லிங்கனுக்கு ஒரு கட்டிடம் என்று தனித்தனியாக இருக்கின்றன. காடிலாக், லிங்கன் இரண்டு கம்பெனிகளையுமே தொடங்கி நடத்தியவர் ஹென்றி லீலாண்ட் என்பது நினைவுக்கு வந்தால், இரண்டும் ஒரே வளாகத்தில் நிற்பது இன்னும் பிடித்துப்போகும். பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் ஏஏசிஏ மியூசியம், வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் அமெரிக்காஸ் கார் மியூசியம், ஒஹாயோவின் வாரனில் நேஷனல் பேக்கார்டு மியூசியம், இண்டியானாவின் ஆபர்னில் ஆபர்ன் கார்டு டூசன்பெர்க் மியூசியம் என்று இன்னும் பல இருக்கின்றன. அருங்காட்சியகம் காரைக் காட்சிக்கு வைத்தால் அது அவர்களுடைய பணிக்குச் சம்பந்தமான பயன்பாடு. அப்போது அடக்க விலைக் கட்டுப்பாடும் இல்லை, விற்ற விலைக் கட்டுப்பாடும் இல்லை, முழுச் சந்தை மதிப்பும் கழிவாகக் கிடைக்கும். அந்த வருடம் வருமானத்தில் 30 சதவீதம் வரைதான் எடுக்கலாம், மீதியை அடுத்த ஐந்து வருடத்துக்கு நகர்த்தலாம்.

அருங்காட்சியகத்திடம் போகும்போது ஒன்றைப் புரிந்துகொண்டு போக வேண்டும். அவர்களுக்கும் இடப் பஞ்சம். உங்கள் காரைப் போன்றது ஏற்கெனவே இரண்டு இருந்தால் வேண்டாம் என்பார்கள், அல்லது விற்று நிதியாக்கிக்கொள்ளும் உரிமையோடுதான் வாங்குவார்கள். எங்கள் கார் எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும், மூன்றாவது தலைமுறைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டால், ஒத்துக்கொள்ளும் இடம் அநேகமாக இருக்காது. நிபந்தனையால் கழிவுக்கே சிக்கல் வரலாம். அதனால், காட்சிக்கு வைக்கிறீர்களா, மூன்று வருடமாவது வைத்திருப்பீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த மூன்று வருடக் கணக்கு ஏன் என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த வழி நான்காவது. கான்சஸ் மாநிலத்தில் மெக்பெர்சன் காலேஜ் என்று ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது, பழைய கார்களை மீட்டெடுக்கும் தொழிலில் நான்கு வருடப் பட்டப்படிப்பே அங்கே நடக்கிறது. மாணவர்கள் அசல் கார்களில் கைவைத்துக் கற்கிறார்கள். பாதி பிரித்துப் போட்ட கார், ஓடாத கார், உதிரிபாகங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் கார் இதெல்லாம் அருங்காட்சியகத்துக்கு ஆகாது, பள்ளிக்கூடத்துக்கு ஆகும். உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் கம்யூனிட்டி காலேஜ்களின் ஆட்டோமொபைல் துறையையும் கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: நிறுவனத்தைச் சரிபார்ப்பது

ஐஆர்எஸ் தளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கம் உண்டு. நிறுவனத்தின் சரியான பெயரையும் வரி எண்ணையும் அங்கே போட்டு, 501(சி)(3) அமைப்புதானா, அதாவது வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்புதானா என்று பாருங்கள். பிரபலமான பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்திருக்கும் அமைப்புகளும் இருக்கின்றன. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

கோவில்கள், தேவாலயங்கள், மசூதிகள் அந்தத் தேடலில் வராமல் இருக்கலாம், அவை விண்ணப்பிக்காமலேயே தகுதி பெற்றவை. உங்கள் ஊர்க் கோவிலுக்கோ, 501(சி)(3) தகுதி பெற்ற தமிழ்ச் சங்கத்துக்கோ கொடுக்கலாம் என்று தோன்றினால் தவறில்லை, ஆனால் அவர்கள் காரை விற்கத்தான் போகிறார்கள், விற்ற விலை விதியும் அடக்க விலை விதியும் வந்துவிடும். நீங்களே விற்றுப் பணமாகக் கொடுப்பதுதான் கோவிலுக்கும் நல்லது. காரை விற்றுத் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உள்ள ஆசிரமத்துக்கு நேரடியாக அனுப்பினால் அமெரிக்க வரியில் கழிவு கிடையாது, அமெரிக்காவில் பதிவான அமைப்பாக இருக்க வேண்டும்.

பல தொண்டு நிறுவனங்கள் கார் வேலையைத் தாங்களே செய்வதில்லை, லாப நோக்கில் நடக்கும் ஒரு கம்பெனியிடம் விட்டிருப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் விற்ற தொகையில் எத்தனை சதவீதம் உங்களுக்கு வந்து சேரும் என்று தொண்டு நிறுவனத்திடமே கேளுங்கள். கிளாசிக் கார் வந்தால் அதற்குத் தனி ஏலம் வைத்திருக்கிறீர்களா, குறைந்தபட்ச விலை வைத்து விற்பீர்களா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பார்க்கலாம். அதிகபட்ச வரிக் கழிவு உறுதி என்று யாராவது போனில் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அப்படி உறுதி சொல்லச் சட்டத்தில் வழியே இல்லை.

ஐந்தாம் படி: மதிப்பீடு

பொது ஏல வழி என்றால் இந்தப் படி தேவையில்லை, விற்ற தொகையே சான்று. அருங்காட்சியகத்துக்கோ கல்லூரிக்கோ கொடுத்து 5,000 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை கட்டாயம். கார் கைமாறும் நாளுக்கு 60 நாளுக்கும் முன்பே எழுதிய அறிக்கை செல்லாது. வரித் தாக்கலுக்கான கடைசி நாளுக்குள் அது உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

மதிப்பீட்டாளருக்கான கட்டணம் கார் விலையில் இத்தனை சதவீதம் என்று இருக்கக் கூடாது. காரை வாங்கப்போகும் அமைப்பே மதிப்பீடும் செய்யக் கூடாது. கிளாசிக் கார்களைத் தொடர்ந்து மதிப்பிடுபவராகப் பாருங்கள், வீட்டுச் சாமான்களை மதிப்பிடுபவருக்கு 1956 மார்க் டூ-வுக்கும் 1958 கான்டினென்டலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போகலாம். புகைப்படங்கள், பழைய பில்கள், காரின் பூர்வீகக் காகிதங்கள் எல்லாவற்றையும் அவருக்குக் காட்டுங்கள். 1967 முதல் வந்த லிங்கன் என்றால் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம், தொழிற்சாலையில் கார் எந்த நிறத்தில், என்னென்ன வசதிகளோடு வெளிவந்தது என்று அதில் இருக்கும்.

ஆறாம் படி: டைட்டில்

டைட்டில் உங்கள் பெயரில், கடன் இல்லாமல் இருக்க வேண்டும். முப்பது வருடம் முன்பு அடைத்த கடனின் பெயர் இன்னும் டைட்டிலில் நிற்பது சகஜம். அந்த வங்கி நடுவில் இரண்டு முறை கைமாறியிருக்கும், விடுவிப்புக் கடிதம் வாங்க வாரக்கணக்கில் ஆகும். நியூயார்க்கில் 1972 மற்றும் அதற்கு முந்தைய மாடல் கார்களுக்கு டைட்டிலே கிடையாது, மாற்றத்தக்க பதிவுச் சான்றுதான் உரிமைக் காகிதம்.

இறந்தவர் பெயரில் கார் இருந்தால் மாநிலத்துக்கு மாநிலம் வழி மாறும். கலிஃபோர்னியாவில் இறந்து 40 நாள் ஆன பிறகு, சொத்து நீதிமன்றத்துக்குப் போகாத பட்சத்தில், ஆர்இஜி 5 என்ற படிவத்தில் வாரிசு கையெழுத்திட்டு மாற்றலாம்.

டைட்டிலில் வாங்குபவர் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது. டிரைவர் கேட்டாலும் சரி, நிறுவனம் கேட்டாலும் சரி. நிறுவனத்தின் முழுப் பெயரை எழுதி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். காலி டைட்டிலோடு போன கார் சட்டப்படி இன்னும் உங்கள் கார், நாளைக்கு பார்க்கிங் அபராதமோ விபத்தோ வந்தால் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். ஓடோமீட்டர் கட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 2010 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்குக் கூட்டாட்சி விதியில் விலக்கு உண்டு.

ஏழாம் படி: கார் போகும் நாள்

ஃபிளாட்பெட் டிரக்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டி வேண்டாம். காரின் நீளத்தையும் சொல்லுங்கள், சில டிரக்குகளில் இந்த நீளம் அடங்காது. 1967 முதல் வந்த எல்டராடோ முன்சக்கர இயக்கம், மற்ற காடிலாக்குகள் பின்சக்கர இயக்கம் என்பதும் டிரைவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. விலை உயர்ந்த கார் தூரமான அருங்காட்சியகத்துக்குப் போகிறது என்றால் மூடிய டிரெய்லர்தான் சரி, வழியில் இன்சூரன்ஸ் யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கன்வெர்ட்டிபிள் என்றால் கூரையை மூடிய நிலையில் ஒப்படையுங்கள். அறுபதுகளின் லிங்கன் கன்வெர்ட்டிபிளில் கூரை மடிந்து டிக்கிக்குள் போகும் அமைப்பு நிறைய ரிலேக்களும் ஹைட்ராலிக்கும் சேர்ந்தது, பாதியில் நின்றால் தெரியாதவர் கையால் இழுத்து உடைத்துவிடுவார்.

காரோடு சேர்ந்த சாமான்களைத் தேடி எடுங்கள்: இக்னிஷனுக்கு ஒன்று, டிக்கிக்கு ஒன்று என்று இரண்டு சாவிகளும், ஓனர்ஸ் மேனுவல், ஜாக்கி, கழற்றி வைத்த ஹப்கேப்கள், பின்சக்கரத்தை மறைக்கும் ஃபெண்டர் ஸ்கர்ட்கள், மாற்றி வைத்த அசல் ரேடியோ. கராஜ் பரணில் கிடக்கும் இந்தச் சாமான்கள் காரோடு போனால்தான் காருக்கு முழு மதிப்பு. தனியாகக் கிடந்தால் வீடு காலி செய்யும் அன்று குப்பைக்குப் போய்விடும்.

நம்பர் பிளேட் விஷயம் மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் சாதாரண பிளேட் காரோடு போகும், நியூயார்க்கில் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கார் போன கையோடு மாநில வாகனத் துறையான டிஎம்வி-க்குத் தெரிவிப்பதுதான் உங்களைக் காப்பாற்றும். கலிஃபோர்னியாவில் ஆர்இஜி 138 படிவத்தை ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்த ஒப்புகை வந்த பிறகுதான் இன்சூரன்ஸை நிறுத்துங்கள்.

எட்டாம் படி: படிவங்கள்

500 டாலருக்கு மேல் கழிவு கேட்பவருக்கு நிறுவனம் 1098-சி படிவம் தர வேண்டும். விற்றால் விற்ற நாளில் இருந்து 30 நாளுக்குள், வைத்துக்கொண்டால் கொடுத்த நாளில் இருந்து 30 நாளுக்குள். அதில் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் வரும் என்பதால் அதைக் கேட்பார்கள். நிறுவனத்தைச் சரிபார்த்த பிறகு கொடுப்பதில் பயமில்லை. படிவம் வந்ததும் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 4ஏ என்றால் விற்றுவிட்டார்கள், 4சி-யில் விற்ற தொகை இருக்கும். 5ஏ என்றால் தங்கள் பணிக்குப் பயன்படுத்துகிறோம் அல்லது பெரிய அளவில் பழுதுபார்க்கிறோம் என்று சான்று. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு 4ஏ-யில் டிக் இருந்தால், உடனே போன் செய்து கேட்க வேண்டும்.

1098-சி-யின் பி பிரதியை வரித் தாக்கலோடு இணைக்க வேண்டும். கூடவே, பணமாக இல்லாத நன்கொடைக்கான 8283 படிவம். விற்ற தொகையின் அடிப்படையில் கழிவு என்றால் பிரிவு ஏ போதும். மதிப்பீட்டின் அடிப்படையில் 5,000 டாலருக்கு மேல் என்றால் பிரிவு பி, அதில் மதிப்பீட்டாளரும் வாங்கிய நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். 5,00,000 டாலருக்கு மேல் போகும் டூசன்பெர்க் போன்ற கார் என்றால் மதிப்பீட்டு அறிக்கையையே இணைக்க வேண்டும்.

டிசம்பரில் கொடுத்த கார் பிப்ரவரியில் விற்கப்படலாம். கழிவு கொடுத்த வருடத்துக்குத்தான், ஆனால் 1098-சி கையில் வராமல் தாக்கல் செய்ய முடியாது. ஏப்ரல் 15 நெருங்கியும் வரவில்லை என்றால் 4868 படிவம் போட்டு அவகாசம் வாங்குங்கள், தொகையை ஊகித்து எழுதிவிடாதீர்கள். இந்தக் காத்திருப்பே வேண்டாம் என்றால் அக்டோபருக்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த மூன்று வருடக் கணக்கு. பிரிவு பி-யில் கையெழுத்திட்ட நிறுவனம் மூன்று வருடத்துக்குள் காரை விற்றால், 8282 படிவத்தில் ஐஆர்எஸ்-க்கு விற்ற தொகையைத் தெரிவிக்க வேண்டும், உங்களுக்கும் பிரதி வரும். நீங்கள் 40,000 என்று எழுதிய கார் அடுத்த வருடமே 22,000-க்குப் போயிருந்தால் கேள்வி உங்களிடம் வரும். தன் பணிக்குக் கணிசமாகப் பயன்படுத்தியதாக நிறுவனம் சான்று தராமல் விற்றிருந்தால், அடக்க விலைக்கு மேல் நீங்கள் எடுத்த கழிவை வருமானமாகத் திருப்பிக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் மதிப்பீட்டு அறிக்கை, புகைப்படங்கள், நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து, டைட்டில் நகல், டிஎம்வி ஒப்புகை என்று எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். கழிவை ஐந்து வருடத்துக்கு நகர்த்தியிருந்தால், கடைசி வருடத் தாக்கலுக்குப் பிறகும் மூன்று வருடம் அந்த உறை உங்களிடம் இருக்கட்டும்.